ஆதார் நகலை வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்: எங்கள் மின் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உதவிப் பொறியாளர் அவர்களுக்கும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழு எங்களுக்குப் பெரிய உதவி. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை போர்செட்டை நம்பித்தான் குறுவை நாற்று நிற்கிறது. மும்முனை மின்சாரம் எப்போது வரும், எந்த டிரான்ஸ்பார்மரில் வேலை நடக்கிறது என்று அதில் பார்த்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறோம். அதற்கு நன்றி. ஆனால் மின் இணைப்பில் பெயர் மாற்றம் கேட்பவர்களிடம் ஆதார், பட்டா, இணைப்பு எண் எல்லாவற்றையும் படம் எடுத்து அதே குழுவில் போடச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

எங்கள் தெருப் பெரியம்மாவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். காலமான கணவர் பெயரிலிருந்த பம்புசெட் இணைப்பை மாற்ற, பக்கத்து வீட்டுப் பையனை வைத்து எல்லாவற்றையும் குழுவில் போட்டார். கொஞ்ச நாளில் ஒரு போன். "ஈபி ஆபீஸ்லேருந்து பேசறோம், பேர் மாத்தம் பாதியில நிக்குது, பத்து ரூபா கட்டுனா முடிஞ்சிரும்." பேசியவன் அவர் பெயர், கணவர் பெயர், இணைப்பு எண் மூன்றையும் தப்பில்லாமல் சொன்னான். அப்புறம் எப்படி நம்பாமல் இருப்பார்? அவன் அனுப்பிய செயலியை இறக்கியதும், நகையை அடகு வைத்து நடவுக் கூலிக்கு வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்த பணம் முழுதும் போய்விட்டது. இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதே மறுநாள்தான் அவருக்குத் தெரிந்தது. நடவு ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போது திண்ணைக்கே வருவதில்லை.

தகவல் குழுவிலிருந்துதான் போனது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத ஒரு குழுவில் அது கிடந்தது உண்மை.

"வாட்ஸ்அப்தான் பாதுகாப்பாச்சே" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அந்தப் பாதுகாப்பு, செய்தி வழியில் போகும்போது வெளியாள் படிக்காமல் இருக்கத்தான். குழுவில் இருக்கிற ஒவ்வொருவர் போனிலும் படம் திறந்தபடிதான் இறங்குகிறது. நீங்கள் பிறகு அழித்தாலும் கேலரியில் சேமித்துக்கொண்டவரிடம் அது இருக்கும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஒருமித்துச் சொன்னார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. சட்டம் டெல்லியில் இருக்கிறது, எங்கள் ஆதார் குழுவில் கிடக்கிறது. நாளைக்கு ஸ்மார்ட் மீட்டரும் வரப்போகிறது. வீட்டில் மோட்டார் ஓடும் நேரமும் ஆள் இல்லாத நாளும் அதன் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மின்சாரத்தை அளந்து செலவழிக்க அது நல்ல கருவிதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு நகலையே காக்க முடியாத இடத்தில் அந்தக் கணக்கை யார் காப்பார்கள்? இந்தக் கோபம் உங்கள் ஒரு அலுவலகத்தின் மேல் மட்டும் அல்ல.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஆதாரைக் குழுவில் கேட்காதீர்கள். மனுவை நேரிலோ, துறையின் இணையதளத்திலோ வாங்குங்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது, அது போதுமானால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கனவே போட்ட படங்களை எல்லோரும் தங்கள் போனிலிருந்தும் அழிக்க வேண்டும் என்று உங்கள் பெயரில் ஓர் அறிவிப்பு போடுங்கள். வாசகம் எழுதித் தர நான் தயார். நடவு முடிவதற்குள் செய்தால் நன்றாக இருக்கும்.

பணிவுடன்,
உங்கள் பிரிவின் மின் நுகர்வோர் ஒருவன்