இசைத்தட்டு ஊசி கொடுத்த பெரியவருக்கு நன்றி

பழைய இசைத்தட்டுக் கடையில் என் பக்கத்தில் நின்ற பெரியவரே, உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். என் கையிலிருந்த தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா என்றதும், "ஐயோ, இது அரக்குத் தட்டு தம்பி, கரைஞ்சிடும்" என்று தடுத்தீர்கள். பிற்கால எல்.பி. தட்டுகளுக்கான ஊசி, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இந்தப் பழைய தட்டின் அகலமான பள்ளத்துக்கு மெல்லிசு, அடியில் உரசி இரைச்சலைத்தான் வாரும் என்று சொல்லி, உங்கள் ஊசியையே கழற்றிக் கொடுத்தீர்கள். முன்பின் தெரியாதவனிடம் யார் கொடுப்பார்கள்?

இரவு அந்த ஊசியை வைத்ததும், தட்டிலிருந்து ஆங்கில நாடக நடிகையும் பாடகியுமான கெர்ட்ரூட் லாரன்ஸ் பாடினார். 1926இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் 'ஓ, கே!' என்ற இசை நகைச்சுவை நாடகத்தில், துணிப் பொம்மை ஒன்றைப் பார்த்து அவர் பாடிய அதே பாட்டு. சுருதி அங்கங்கே நழுவுகிறது. ஆனாலும் நான்கு முறை கேட்டேன்.

ஊசி பத்திரமாக இருக்கிறது ஐயா. ஞாயிறு அதே கடையில் காத்திருப்பேன்.