அந்தத் தாளை இனி இரவல் கொடுக்காதீர்கள்

தைபெய் தேசிய அரண்மனை அருங்காட்சியக நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். நான் தைபெய்க்கு வந்ததில்லை, வருவேனா என்றும் தெரியாது. ஆனாலும் உங்களிடம் இருக்கும் ஒரு தாளுக்காக எழுதுகிறேன். சீனாவின் தாங் அரச மரபுக் காலத்துத் தளபதியும் தூரிகை எழுத்துக் கலைஞருமான யென் ஜென்சிங் 758இல் தன் அண்ணன் மகனுக்காக எழுதிய இரங்கல் வரைவு அது. 2019 தொடக்கத்தில் அதை டோக்கியோவுக்கு இரவல் கொடுத்தீர்கள். தைவானிலும் சீனாவிலும் பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் இருந்த அரசியல் எனக்கு வேண்டாம். என் கவலை தாளைப் பற்றியது.

எல்லைப்படைத் தளபதி ஆன் லூஷான் 755இல் அரசுக்கு எதிராகக் கலகம் தொடங்கியபோது யென் பிங்யுவான் என்ற வட்டாரத்தின் ஆளுநர். கலகம் வரும் என்று முன்பே மோப்பம் பிடித்து, மழையைச் சாக்கிட்டு மதிலைப் பலப்படுத்தினார். சந்தேகம் வராமலிருக்க, புலவர்களோடு படகில் ஏறிக் குடித்துக் கவிதை பாடிக்கொண்டிருந்தார். கவிதைக்கு இப்படியும் ஒரு ராணுவப் பயன்! அப்புறம் கலகத்தை எதிர்த்த 17 வட்டாரங்கள் அவரைத் தலைவராக ஏற்றன.

பலியானது குடும்பம். ஒன்றுவிட்ட அண்ணன் காவ்ச்சிங் காத்துநின்ற சாங்ஷான் நகருக்கு உதவிப்படை வரவில்லை. அண்ணனும் அவர் மகன் ஜீமிங்கும் கொல்லப்பட்டார்கள். நம் முறைப்படி யென் அவனுக்குச் சித்தப்பா. மகனையே இழந்த மாதிரிதான். இரண்டு ஆண்டு கழித்து அவனுடைய தலை மட்டும் வந்து சேர்ந்தது. அந்தச் சடங்குக்காக எழுதியது இது.

தேதி, பதவிப் பெயர்கள் வரை தூரிகை நிதானமாகப் போகிறது. உதவிக்கு வராத அதிகாரியைச் சொல்லுமிடத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறார். "தந்தை சிக்கினார், மகன் மாண்டான், கூடு கவிழ்ந்தது, முட்டைகள் உடைந்தன." போகப்போக மை வறண்டு கோடு கீறலாகிறது, அடித்தல்கள் பெருகுகின்றன. கல்வெட்டுகளில் தூண்போல் நிமிர்ந்து நிற்கும் எழுத்து அவருடையது. அதைப் பார்த்துத்தான் சீனப் பிள்ளைகள் இன்றும் எழுதிப் பழகுகிறார்கள். அதே கைதான் இங்கே தடுமாறுகிறது.

ஓட்டமாக எழுதும் பாணியில் இது உலகில் இரண்டாவது என்பார்கள். முதலிடத்திலுள்ளது நான்காம் நூற்றாண்டுக் கலைஞர் வாங் ஷீஜி எழுதிய 'லாந்திங் முன்னுரை'; அதன் மூலப்படி எப்போதோ தொலைந்துவிட்டது, நகல்கள்தான் மிச்சம். இதற்கும் அந்தக் கதி வரவேண்டுமா?

பிறர் பார்க்க அவர் இதை எழுதவில்லை. உங்கள் இணையதளப் படத்தைப் பெரிதாக்கி அந்த அடித்தல்களைப் பார்த்துவிட்டேன். எனக்கு அது போதும். 1,260 ஆண்டுகளைத் தாண்டிய தாளை மறுபடி விமானத்தில் ஏற்ற வேண்டாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மங்கிய வெளிச்சத்தில், உங்கள் கட்டடத்திலேயே சில வாரங்கள் வையுங்கள். முடிந்தவர்கள் வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து ஒரு வாசகன்