வைண்டிங் கடை அண்ணாச்சிக்கும், நம் குடியிருப்பில் என்னைப் பொறுத்துக்கொண்ட எல்லோருக்கும்

பன்னிரண்டு நாளாக நம் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் தானாக ஓடி, தானாக நிற்கிறது. நேற்று இரவும் நின்றது. நிற்கும்போது வரும் அந்த 'டக்' சத்தத்துக்காகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கேட்டதும், மோட்டரை இயக்க நான் நிரல் எழுதிவைத்த குட்டி மின்னணு போர்டைப் போய்ப் பார்த்தேன். விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது, போர்டு உயிரோடுதான் இருந்தது. அப்புறம்தான் சாப்பாடு இறங்கியது.

அதற்கு முன் மூன்று வாரம் அந்தப் போர்டு உறைந்துபோய், மோட்டர் ஓடாமல் தொட்டி வற்றியதை உங்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலையில் சோப்பு நுரையோடு குழாயைத் திருகியவர்கள் நீங்கள்தான்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து ரீசெட் பட்டனை அமுக்கிய வாட்ச்மேன் தாத்தாவுக்கும், "பழைய சுவிட்சுக்கே போயிடலாம்" என்ற பேச்சை இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று தள்ளிவைத்த செயலாளருக்கும், வீடியோ காலில் என் நிரலை வரிவரியாகப் படித்த மைத்துனனுக்கும் நன்றி. தப்பே இல்லாத இடத்தில் ராத்திரி முழுக்கத் தப்பைத் தேடவைத்ததற்கு அவனிடம் மன்னிப்பும் கேட்கிறேன். இரண்டாம் மாடி அக்கா சண்டைக்குத்தான் வந்தார். அந்தப் போர்டான ஆர்டுயினோ நானோவைக் காட்டினேன். "இத்தனூண்டா? இதுக்கா நாங்க குளிக்காம இருந்தோம்?" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்கும் நன்றி.

சரி, அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன்.

அவரிடம் உதவி கேட்டு நான் போகவே இல்லை. மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ் மாற்றப் போனேன். காத்திருந்த நேரத்தில் புலம்பிவிட்டேன். இரண்டு நானோ மாற்றியாயிற்று, அடாப்டர் மாற்றியாயிற்று, பெரிய கன்டென்சர் வைத்தாயிற்று, மீட்டரில் 5 வோல்ட் ஆடாமல் அசையாமல் நிற்கிறது, ஆனாலும் போர்டு உறைந்துபோகிறது என்று. நானோவில் நிரலை ஓட்டும் சிப்புக்கு மைக்ரோகன்ட்ரோலர் என்று பெயர்; அந்தச் சொல்லே அவருக்குப் புதிது. பிரஷ்ஷைத் தேய்த்தபடியே கேட்டார்: "ஆன் ஆகும்போதா தம்பி, ஆஃப் ஆகும்போதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வாரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அது எப்போது சாகிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. காலையில் தொட்டி வற்றிய பிறகுதான் எனக்கு விஷயமே தெரியவரும். அதனால் காலையில்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு ஒன்பது மணிக்கு வந்து நின்றார். கையில் டெஸ்டர் இருந்தது, சட்டைப்பையில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. பாட்டு கேட்பாராக்கும் என்று நினைத்தேன். அவர் அதை மத்திய அலைக்கு மாற்றி, எந்த நிலையமும் எடுக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, 'உஸ்' என்ற இரைச்சலோடு மோட்டர் பேனலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். மோட்டரை ஓடவிட்டபோது லேசாக ஒரு 'டிக்'. தொட்டி நிரம்பி, போர்டு சொன்னபடி இயங்கும் குட்டி சுவிட்சான ரிலே விட்டதும் 'சடார்' என்று வெடித்தது. அதே நொடியில் நானோவில் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு நின்றுபோனது. இரண்டு பேரும் பேசவில்லை. இன்னொரு தடவை செய்து பார்த்தோம். மறுபடியும் 'சடார்', மறுபடியும் விளக்கு நின்றது.

ஆக, போர்டு செத்துக்கொண்டிருந்தது முந்தின இரவே, தொட்டி நிரம்பி மோட்டர் நிற்கிற அந்தக் கணத்தில். மோட்டருக்கு மின்சாரம் விடும் பெரிய காந்த சுவிட்ச்தான் கான்டாக்டர். அதன் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ரிலே வெட்டிவிடும்போது, காயிலில் தேங்கிய காந்தப்புலம் சரிந்து பல நூறு வோல்ட்டாக எகிறி, ரிலே முனையில் பொறியாகப் பறக்கிறது. எல்லாம் மைக்ரோ நொடிக் கணக்கு. நொடிக்கு இரண்டு மூன்று தடவை பார்க்கும் என் மல்டிமீட்டருக்கு அது எங்கே தெரியப் போகிறது? ரேடியோவுக்குக் கேட்டுவிட்டது. போதாததற்கு, தொட்டி நிரம்பியதைப் போர்டுக்குச் சொல்லும் மொட்டைமாடி மிதவை சுவிட்சின் ஒயரையும் 230 வோல்ட் ஒயரையும் ஒரே பிவிசி பைப்பில் விட்டிருந்தேன். மிதவை ஒயரை 5 வோல்ட்டில் இழுத்துப் பிடிக்க சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை, அதாவது பிடி தளர்வு. நாலு மாடி நீள ஒயருக்கு அது எம்மாத்திரம்? கிட்டத்தட்ட ஏரியல் கட்டிவைத்த மாதிரி.

"ஸ்பார்க்கை அங்கேயே அமுக்கணும் தம்பி. டிசி கன்டென்சர் வாங்கிடாதீங்க, வெடிச்சிரும்." மறுநாள் ரிச்சி தெருவில் 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை (மெயின் மின்சாரத்துக்குக் குறுக்கே போடவே செய்தது) கன்டென்சர் ஒன்றும், 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வாங்கிவந்தேன். மெயினை அணைத்தேன் என்று சொல்லியும் நம்பாமல், டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் வரிசையாகச் சேர்த்து கான்டாக்டரின் ஏ1, ஏ2 என்ற காயில் முனைகளுக்குக் குறுக்கே அவரே முறுக்கிக் கட்டினார். அன்று இரவு ரேடியோவில் 'சடார்' இல்லை, ஒரு தும்மல் மாதிரி ஏதோ கேட்டது. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. மிதவை ஒயரைத் தனி பைப்புக்கு மாற்றி, வெளியே 1 கிலோ ஓம் புல்-அப் போட்ட பிறகு அந்தத் தும்மலையும் போர்டு கண்டுகொள்ளவில்லை.

காசு நீட்டினேன். மிக்ஸி பிரஷ்ஷுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

பழுது என்று முத்திரை குத்தி டப்பாவில் போட்ட இரண்டு நானோவையும் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. பாவம். ஒன்றை மைத்துனனுக்கு அனுப்புகிறேன். இன்னொன்று மாற்று போர்டாகப் பேனலுக்குள்ளேயே இருக்கும். அதற்குப் பக்கத்தில் கையால் இயக்கும் சுவிட்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன். அடுத்த முறை நான் ஊரில் இல்லாவிட்டாலும் யாரும் நுரையோடு நிற்க வேண்டாம். வாட்ச்மேன் தாத்தாவும் நாலரைக்கு எழ வேண்டாம்.

அண்ணாச்சி, ரேடியோ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. "இருக்கட்டும், நாலு நாள் கேட்டுப் பாருங்க" என்றீர்கள். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குக் கொண்டுவருகிறேன். உங்களைக் கேட்காமல் பேட்டரி மாற்றிவிட்டேன், திட்டாதீர்கள்.