கூரையில் விழுந்த மழையும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கும்

அன்புள்ள தோழிக்கு,

அரையாண்டு விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே உன் கடிதம் வந்து சேர்ந்தது. விடுமுறை விட்ட பிறகுதான் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க முடிந்தது. மகளுக்குக் கேட்ட பாடப்பிரிவே கிடைத்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. இங்கே எல்லோரும் நலம். சிவகங்கைப் பக்கம் இந்த ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, வயல் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள், ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. செயல்திட்டம் கொடுத்தால் இது மாறுமா?" என்று எழுதியிருந்தாய். மாறும். ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்க, அந்தப் பதில் நிஜமாகவே தேவைப்படும் ஓர் ஆள் வேண்டும். டீச்சருக்கு விடை ஏற்கெனவே தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தவருக்கு எதற்கு விளக்கிக்கொண்டு இருக்க வேண்டும்? அவர்கள் பேசாமல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

2012-13இல் வருஷத்தை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறையும், பாடம் நடக்கும்போதே மதிப்பிடும் வளரறி மதிப்பீடும் வந்தபோது செயல்திட்டம் என்ற சொல் எல்லாப் பள்ளிக்குள்ளும் நுழைந்தது, உனக்கும் நினைவிருக்கும். நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. ஆனால் பல இடங்களில் அது சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, தெர்மாக்கோல் என்று ஆகிப்போனது. வீட்டில் அக்காவோ அப்பாவோ செய்து கொடுப்பார்கள், பிள்ளை கொண்டுவந்து சுவரில் ஒட்டும், மதிப்பெண் விழும். உருளையின் கன அளவு சூத்திரத்தை வண்ணத்தில் எழுதி ஒட்டிய பிள்ளை அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூடப் பேசியிருக்காது. அந்த மாதிரிச் செயல்திட்டம் எத்தனை கொடுத்தாலும் நீ கேட்பது நடக்காது.

இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வியைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரு நீளமான கட்டடம் இருக்கிறது. அதன் மேல் விழும் மழைத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி உறிஞ்சு குழிக்குப் போகிறது. பக்கத்திலேயே கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் எடுக்கும் தரைத்தொட்டி இருக்கிறது. அந்தக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பினால் எவ்வளவு பயன்? பெற்றோரும் ஆசிரியர்களும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு அம்மா போகிற போக்கில் கேட்ட கேள்வி இது. யாருக்கும் பதில் தெரியவில்லை. தலைமையாசிரியரிடம் பேசி, அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளே பதில் சொல்வார்கள் என்று ஏற்பாடு செய்தேன். அளவியலும் புள்ளியியலும் அந்தப் பருவத்தில் எப்படியும் நடத்த வேண்டியவைதான்.

முதல் தடங்கல் மில்லிமீட்டரில் வந்தது. செய்தியில் "50 மில்லிமீட்டர் மழை" என்கிறார்கள். தண்ணீரை லிட்டரில்தானே சொல்ல வேண்டும், ஏன் நீளத்தில் சொல்கிறார்கள்? வகுப்பில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை. ஒரு பெண் மெதுவாக எழுந்து, "பெஞ்ச தண்ணி எங்கயும் ஓடாம, மண்ணுக்குள்ளயும் போகாம அப்படியே நின்னுச்சுன்னா இம்புட்டு உயரம் நிக்கும், அதான் டீச்சர்" என்று விரலால் காட்டினாள். இதைவிடத் துல்லியமான வரையறையை நானும் சொல்லியிருக்க முடியாது. பேச்சு வழக்கில் சொன்னாள் என்பதற்காக நான் திருத்தவில்லை. எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதை அறிக்கை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். முதலிலேயே "முழு வாக்கியத்தில், பாடநூல் தமிழில் சொல்" என்று கேட்டால் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள்.

அவள் சொன்னதை நம்பாத பையன்களும் இருந்தார்கள். நிரூபிக்க மைதானத்தில் செங்கலை அடுக்கி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் கட்டி, தார்ப்பாய் விரித்து, 10 லிட்டர் வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். ஒரு சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும். ஒரு மூலையில் ஸ்கேல் 8 மில்லிமீட்டர் காட்டியது, எதிர் மூலையில் 12. "கணக்கு தப்பு" என்று ஒரு கட்சி, "தரை சாய்வு" என்று ஒரு கட்சி. கடைசியில் பல இடங்களில் அளந்து சராசரி எடுப்போம் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். சராசரி எதற்கு என்று நான் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் என்பது அன்றைக்கே எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது.

அப்புறம் அளவெடுத்தார்கள். மொட்டை மாடிக்குப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்பதால் கீழே வெளிச்சுவரை ஒட்டி டேப் பிடித்தார்கள். 24 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 192 சதுர மீட்டர். கான்கிரீட் தளத்தில் விழுவது எல்லாமே குழாய்க்கு வந்துவிடாது, கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் தளம் குடிக்கும் என்பதால் 0.8 என்ற எண்ணால் பெருக்கினார்கள். தொட்டி 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம், ஆக 9000 லிட்டர். தினசரித் தேவையை அவர்கள் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. காலையிலும் மாலையிலும் தொட்டிக்குள் ஒரு கம்பை விட்டு நனைந்த உயரத்தைக் குறித்தார்கள். 25 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மூன்றுக்கு இரண்டு தொட்டியில் அது 1500 லிட்டர்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. எழுத உட்கார்ந்தபோதுதான் நீ சொல்லும் பிரச்சினை வெளியே வந்தது. ஒரு குழு இப்படி எழுதியிருந்தது:

192 × 50 = 9600 × 0.8 = 7680

நீயும் நானும் திருத்தும் தாள்களில் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். கடைசி எண் சரி, டிக் போட்டுவிடுவோம். நான் இந்த முறை திருத்தவே இல்லை. 'அ' பிரிவு எழுதிய அறிக்கையை 'ஆ' பிரிவிடம் கொடுத்து, "எழுதியவர்களிடம் எதுவும் கேட்கக் கூடாது, இதை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பக் கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியாத இடத்தில் கேள்வி எழுதுங்கள்" என்றேன். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி வந்தது: "192-ஐ 50-ஆல் பெருக்கினால் 7680 வராதே?" எழுதிய குழு சண்டைக்குப் போனது. அவர்களுக்குச் சமக்குறி என்றால் "அடுத்து இது வந்தது" என்று பொருள், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று அந்தக் குறி உறுதி கொடுக்கிறது என்பதைப் படிக்கிற பிள்ளை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அரை மணி நேரம் வாக்குவாதம். அதன் பிறகு வரி வரியாகப் பிரித்து எழுதினார்கள், அலகையும் சேர்த்து. "0.8 எங்கிருந்து வந்தது?", "50 மில்லிமீட்டர் ஒரு நாள் மழையா, ஒரு மாத மழையா?" என்றும் கேள்விகள் வந்தன. எல்லாமே நான் சிவப்பு மையில் எழுதியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

நன்றாகப் பேசுகிற இரண்டு பேர் மட்டும் பேசிவிட்டு மற்றவர்கள் தலையாட்டுவார்களே என்று நீ கேட்பாய். அது உண்மைதான், எல்லாக் குழு வேலையிலும் இருக்கிற தொல்லை. கூட்டத்தன்று பேசப் போவது யார் என்று அன்று காலை சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிப்போம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். இதனால் விவரம் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை. இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஒருவனை நிற்க வைத்து மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

சீட்டு ஒரு அமைதியான பையனுக்கு விழுந்தது. 50 மில்லிமீட்டர் மழைக்கு 7680 லிட்டர், ஐந்து நாள் தேவைக்குப் போதும், 58 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் காலித் தொட்டிகூட நிரம்பி வழியும், அதனால் உறிஞ்சு குழிக்கும் ஒரு வழி விட்டு வைக்க வேண்டும் என்று சொல்லி முடித்தான். மேலாண்மைக் குழுவில் ஒரு கொத்தனார் அப்பா இருக்கிறார். அவர் கேட்டார்: "எத்தனை சதுரம் வருது தம்பி?" கட்டட வேலையில் நூறு சதுர அடிதான் ஒரு சதுரம். பையன் ஒரு நிமிஷம் திகைத்தான். பிறகு கரும்பலகையில் ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி என்று எழுதிப் பெருக்கி, "இருபதரைச் சதுரத்துக்குக் கொஞ்சம் மேல" என்றான். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: "கைப்பிடிச் சுவருக்கு உள்ளளவா, வெளியளவா?"

இதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. பையன், "வெளியளவுதான் எடுத்தோம், அறிக்கையில அதை எழுதல" என்றான். ஒன்பது அங்குலச் சுவர், நாலு பக்கமும் கழிக்க வேண்டும் என்றார் அவர். பையனின் குழுவில் இருந்த ஒரு மாணவி உடனே கணக்குப் போட்டாள். நீளம் 23.54, அகலம் 7.54, பரப்பு 177.5 சதுர மீட்டர். 14 சதுர மீட்டருக்கு மேல் குறைந்துவிட்டது. 50 மில்லிமீட்டர் மழைக்கு 7100 லிட்டர்தான், ஐந்து நாளுக்குச் சற்றுக் குறைவு. விடையை மாற்றி எழுதினார்கள், "உள்ளளவு எடுத்துக்கொண்டோம்" என்று ஒரு வரியும் சேர்ந்தது. அந்தப் பையன் முகத்தில் தோற்றுப்போன வாட்டம் துளியும் இல்லை. பெரியவர் ஒருவர் தன் கணக்கை மதித்துக் குறுக்குக் கேள்வி கேட்டார் என்ற நிமிர்வுதான் இருந்தது. குழாயைத் திருப்புவது என்று கூட்டத்தில் முடிவாயிற்று, முதல் மழை அழுக்கை வெளியே விட ஒரு தனி வால்வும் வைக்கச் சொன்னார் கொத்தனார்.

இதெல்லாம் நாமாகப் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி அறிக்கை எழுதிய குழுவுக்குச் சென்னை கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியர் ஆர். ராமானுஜம்தான் தலைவர். தோராயமாக மதிப்பிடுவது, காரணம் சொல்வது, படமாக்கிப் பார்ப்பது இவற்றோடு கணிதத்தை எடுத்துச் சொல்வதையும் பள்ளிக் கணிதம் வளர்க்க வேண்டிய திறன்களில் ஒன்றாக அந்த அறிக்கை வைத்தது. இங்கிலாந்தில் கணிதக் கல்வி ஆய்வாளர் ஜோ போலர் 1990களில் இரண்டு பள்ளிகளை மூன்று வருஷம் தொடர்ந்து கவனித்தார். ஒன்று பாடநூல் வழி, இன்னொன்று பெரும்பாலும் நீண்ட செயல்திட்டங்கள். செயல்திட்டப் பள்ளிப் பிள்ளைகள் தேசியத் தேர்வில் பின்தங்கவில்லை, தெரியாத சூழலில் கணிதத்தைப் பயன்படுத்துவதிலும் அவர்களே தேர்ந்தவர்களாக இருந்தார்கள். "பாடம் முடியாது, மதிப்பெண் குறையும்" என்று உன் நிர்வாகம் பயந்தால் இதைச் சொல்லிப் பார். எங்கள் வகுப்பில் அளவியல் பயிற்சிக் கணக்குகள் பிறகு வேகமாகவே ஓடின.

ஆனால் எல்லாப் பாடத்துக்கும் இதை இழுத்துப் பிடிக்காதே. முற்றொருமைகளுக்கும் காரணிப்படுத்தலுக்கும் வலிந்து ஒரு செயல்திட்டம் தேடினால் மறுபடியும் சார்ட் அட்டையில்தான் போய் நிற்கும். அங்கே பயிற்சிதான் வேண்டும். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ, ஊரில் ஒருவருக்கு நிஜமாகத் தேவைப்படும் கேள்வியாக இருந்தால் போதும் என்பது என் எண்ணம். உன் பள்ளி நகரத்தில் இருக்கிறது, உனக்குக் கூரையும் தொட்டியும் வேண்டியதில்லை. காலையில் வாசலில் பேருந்துகளும் வேன்களும் அடைத்துக்கொள்வதாக எழுதியிருந்தாயே, எந்த வண்டி எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல். கேட்கும் ஆள் காவலாளியும் ஓட்டுநர்களும்.

இந்தக் கடிதத்தோடு எங்கள் பிள்ளைகளின் அறிக்கை நகல் ஒன்றை வைத்திருக்கிறேன். கொத்தனார் கேள்விக்குப் பிறகு திருத்திய பிரதி. உன் ஒன்பதாம் வகுப்பிடம் கொடுத்துத் திரும்பக் கணக்குப் போடச் சொல். எங்கே புரியவில்லையோ அங்கே கேள்வி எழுதி அனுப்பச் சொல், தயவு பார்க்க வேண்டாம். பொங்கல் கழிந்து பள்ளி திறந்ததும் இவர்கள் பதில் எழுதுவார்கள். முன்பின் தெரியாத ஊரில் யாரோ தங்கள் கணக்கைப் படிக்கப் போகிறார்கள் என்று சொன்னதிலிருந்து, முகவரியை யார் எழுதுவது என்று இங்கே போட்டி.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழி