பட்டியலில் இல்லாத கல்லூரியிலிருந்து ஹெச்.ஆர். தலைவர்களுக்கு

சென்னை, கோவை மென்பொருள் நிறுவனங்களின் ஆளெடுப்புத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில், தனியார் பொறியியல் கல்லூரியில் பிளேஸ்மென்ட் பொறுப்பில் இருக்கிறேன். கல்லூரியின் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எழுத வேண்டி வந்ததே அதனால்தான்.

கவுன்சலிங் நேரத்தில் பெற்றோர் வந்து உட்காருவார்கள். "கிண்டியும் கிடைக்கல, பிஎஸ்ஜியும் கிடைக்கல சார். புள்ள வாழ்க்கை அவ்வளவுதானா?" என்பார்கள். தைரியம் சொல்லி அனுப்புவேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

பிளஸ் டூ கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். நல்ல மார்க் வாங்கிய பிள்ளை எப்படியும் பெரிய கல்லூரிக்குப் போயிருக்கும், மிச்சம் மீதிதான் எங்களிடம் என்பது உங்கள் கணக்கு. அது தப்பு. 185-க்கு மேல் வைத்திருக்கும் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். விடுதிக் கட்டணம் கட்ட முடியாது. பெண்ணை மெட்ராசுக்கு அனுப்பத் தாத்தாவுக்கு மனம் ஒப்பாது. எங்கள் கல்லூரிப் பேருந்து ஊர் முக்கு வரை வரும். எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்கை பிரவுசிங் சென்டர்காரர் கையில் விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் யாரிடம் போய்க் கேட்பது? பதினேழு வயதில் இப்படி விழுந்த ஒரு முடிவைத்தான் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

இதை அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிற்காலச் சம்பளத்தை ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரி மதிப்பெண் எடுத்து, ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து இடம் கிடைத்தவர்களில், பெயர் பெற்ற இடத்துக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வித்தியாசம் இருந்தது. பெரிய கல்லூரி அவர்களைத் தூக்கிவிட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் சிநேகிதர் இருக்கிறார். மற்றவர்களுக்குக் கல்லூரிதானே எல்லாம்.

2023-ல் ராஜ் செட்டியும் இரு சகாக்களும் ஹார்வர்டு உள்ளிட்ட 12 கல்லூரிகளை எடுத்துக்கொண்டார்கள். முன்னணி மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்குப் பதில் அங்கே படித்தால் சராசரிச் சம்பளம் ஒன்றும் பெரிதாக ஏறிவிடவில்லை. ஆனால் பெயர் பெற்ற நிறுவனத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது. அந்த மூன்று மடங்கு எங்கிருந்து வருகிறது? ஆளெடுப்பவர் எந்த வாசலில் போய் நிற்கிறார் என்பதும் அதில் ஒரு பங்கு என்பது என் எண்ணம்.

நம் ஊருக்கு வருவோம். இஸ்ரோ விஞ்ஞானி வேலைக்கு எழுத்துத் தேர்வு வைக்கிறது. அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும், கேட்ட மதிப்பெண் இருந்தால் எழுதலாம். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தை வழிநடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், பி.இ. படித்தது திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், டிப்ளமோ படித்தவர். 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். ஐஐடி கரக்பூரில் எம்.டெக். முடித்தது 1989-ல். 'அவரும் ஐஐடிதானே' என்று சொல்லத் தோன்றினால் அந்த இரண்டு வருடங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களில் எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்க்கவில்லை. டிசிஎஸ் நடத்தும் தகுதித் தேர்வை எந்தக் கல்லூரிப் பிள்ளையும் எழுதலாம். ஸோஹோ இருபது ஆண்டுகளாகப் பள்ளிப் படிப்பு முடித்தவர்களையே எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலைக்கு வைக்கிறது.

மற்றவர்கள் செய்வது இது. கல்லூரிகளைத் தரம் பிரித்து டயர்-1, டயர்-2 என்று பட்டியல். கல்லூரிக்கு வராமல் ஆளெடுக்கும் ஆஃப் கேம்பஸ் படிவத்தில் கல்லூரிப் பெயருக்கு ஒரு டிராப் டவுன். அதில் எங்கள் பெயர் இருக்காது, 'இதர' என்று போட வேண்டும். போட்டவர்களுக்கு ஒரு பதிலும் வருவதில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் 60 சதவீதம், அரியர் வரலாறே இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் பாடம் புரியாமல் கணக்கில் விழுந்து, அடுத்த முறையே எழுந்தவனுக்கும் கதவு மூடல். கதவு திறந்த சிலரிலும், ஒரே குழுவில் ஒரே வேலை பார்ப்பவர்களுக்குக் கல்லூரியைப் பார்த்துத் தனித்தனிச் சம்பளம்.

பெரிய கல்லூரியில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆய்வகம், பக்கத்து அறையில் நம்மைவிடக் கெட்டிக்காரன், முன்னே போன சீனியர்கள் என்று எல்லாம் அங்கே உண்டு. எங்களிடம் சில பாடங்களுக்கு வாத்தியாரே பாதி செமஸ்டரில் மாறிவிடுகிறார். உங்கள் சிரமமும் தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகள் மட்டுமே 400-க்கு மேல். எல்லா வாசலிலும் ஏறி இறங்க முடியாது. ஆனால் முதல் சுற்று இப்போது பெரும்பாலும் கணினித் தேர்வுதான். அதற்கு யாரும் ரயிலேற வேண்டியதில்லையே.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் சுற்றில் கல்லூரிப் பெயரை மறைத்துவிட்டு மதிப்பெண் போடுங்கள். பள்ளிச் சதவீத நிபந்தனையை எடுத்துவிடுங்கள். தேர்ச்சி பெற்ற பழைய அரியரைக் கணக்கில் கொள்ளாதீர்கள். ஒரு வேலைக்கு ஒரு சம்பளம் என்று வையுங்கள். எங்கள் பிள்ளைகளுக்காக உங்கள் தேர்வின் கட்-ஆஃபைக் குறைக்கச் சொல்லவில்லை.

ஏழாம் செமஸ்டர் தொடங்கிவிட்டால் எங்கள் லேப் சனிக்கிழமைகளில் காலிதான். இன்வெர்ட்டரும் இருக்கிறது, கரண்ட் போனாலும் தேர்வு நிற்காது. கண்காணிக்க ஓர் ஆளை அனுப்பினால் போதும். மதுரையிலிருந்து அழைத்துவர வண்டி அனுப்புகிறேன். கிண்டிக்குக் கொண்டு போகும் அதே கேள்வித்தாளைக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிளேஸ்மென்ட் அதிகாரி