‘எல்லாம் நார்மல்’ என்ற அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மகளிர் இணைப்பில் 46 வயது வாசகி ஒருவர் கேட்டிருந்த கேள்வியையும் அதற்கு நீங்கள் வெளியிட்ட பதிலையும் படித்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு, நெஞ்சுப் படபடப்பு, குப்பென்று வியர்வை, மாதவிலக்கு முன்னும் பின்னுமாக வருகிறது, எதற்கெடுத்தாலும் கோபம் என்று அந்தச் சகோதரி எழுதியிருந்தார். பதிலில் ஒரு வரி: “ஹார்மோன் பரிசோதனை செய்து பாருங்கள், எல்லாம் நார்மல் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, மனதைப் பக்குவப்படுத்திக்கொள்ளுங்கள்.” அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் விளம்பரம். பெண்களுக்கான ஹார்மோன் பேக்கேஜ், தள்ளுபடி விலையில்.

22 வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவள் நான். இதுவரை ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த ‘நார்மல்’ என்ற சொல்லை என் கையிலும் ஒரு முறை கொடுத்து அனுப்பினார்கள்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளர். மாதவிலக்கு நிற்பதற்குமுன் வரும் இந்தத் தடுமாற்றம் எனக்கு 45 வயதில் தொடங்கியது. மார்கழி மாதம், போடியின் குளிரைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, நான் எழுந்து ஃபேனைப் போடுவேன். அதையாவது சமாளித்துவிடலாம். பகலில், கவுண்டரில் உட்கார்ந்து 500 ரூபாய்க் கட்டை எண்ணிக்கொண்டிருப்பேன். அறுபதைத் தாண்டும்போது நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எந்த எண்ணில் விட்டேன் என்பது மறந்துபோகும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெரியவர் “என்னம்மா, மேலுக்கு முடியலையா?” என்பார். ஒரு நாள் கணக்கில் 2,000 ரூபாய் இடித்தது. கையிலிருந்து போட்டுக் கட்டினேன். அதற்கு முன் ஒரு ரூபாய் குறைந்ததில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனைகளுக்கு 3,800 ரூபாய் ஆனது. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். 8 என்று வந்தது; மாதவிலக்கு நிற்கும் காலத்தில்தான் அது ஏறுமாம். தாளைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “எல்லாம் நார்மலா இருக்கும்மா. வீட்ல ஏதும் பிரச்சனையா?” என்று கேட்டார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் நான் முடியவில்லை என்று சொன்னபோதெல்லாம் அந்தத் தாள்தான் என் வீட்டில் பதில் சொன்னது. மூன்று மாதம் கழித்து வேறொரு மருத்துவர் அதே பரிசோதனையைச் செய்யச் சொன்னார். இந்தத் தடவை 34. “மெனோபாஸ் வந்தாச்சு, இனி மாசாமாசம் தொல்லை இல்லை” என்றார். அடுத்த 19ஆம் நாள் இரண்டு புடவை நனைகிற அளவுக்குப் போனது.

ஆசிரியர் அவர்களே, நீங்கள் அறியாததல்ல. மாதவிலக்கு நிற்பதற்குமுன் வரும் அந்தச் சில வருடங்களில் ஹார்மோன் சீராகக் குறைந்துகொண்டே போவதில்லை. ஒரு வாரம் ஏறும், மறுவாரம் விழும். சில மாதங்களில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் முன்பைவிடக் கூடுதலாகவே சுரக்கும். அன்றைக்கு எடுத்த ரத்தம் அன்றைய கதையைத்தான் சொல்லும். இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை வகுத்துக் கொடுக்கும் நைஸ் அமைப்பு 2015ஆம் ஆண்டே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது: 45 வயதைத் தாண்டிய பெண்ணிடம் அறிகுறிகளையும் மாதவிலக்குக் கணக்கையும் கேட்டாலே போதும், இதைக் கண்டறிய எஃப்.எஸ்.ஹெச். பார்க்கத் தேவையில்லை. 40க்கும் 45க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு வேண்டுமானால் பார்க்கலாம். 40க்கு முன்னால் மாதவிலக்கு தடுமாறினாலோ நின்றாலோ கட்டாயம் பார்க்க வேண்டும். அது வேறு சிக்கல், அலட்சியம் செய்யவே கூடாது. இந்த மூன்று வரியை உங்கள் மருத்துவர் எழுதியிருந்தால் அந்தச் சகோதரிக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். பணம் போனாலும் போகட்டும், ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்கிற பட்டம் வந்திருக்காது.

என்னைக் காப்பாற்றியது மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா. மதுரையில் பார்த்தேன். பழைய தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, “தேதி குறிச்சு வச்சிருக்கியாம்மா?” என்று கேட்டார். எங்கள் சமையலறைக் காலண்டரைச் சுருட்டிப் பையில் வைத்திருந்தேன். சிலிண்டர் வந்த நாளுக்கும் சீட்டுக் கட்டிய நாளுக்கும் நடுவில் சிவப்பு மையால் சுழித்திருந்த நாட்களின் இடைவெளியை அவர் விரல் வைத்து எண்ணினார். 24, 37, 22, 41. “இதுதாம்மா உன் டெஸ்ட்” என்றார். அடுத்தடுத்து வரும் சுழற்சிகளில் 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் இந்தக் காலம் தொடங்கிவிட்டது என்று மாதவிலக்கு நிற்கும் காலத்தைக் கட்டங்களாகப் பிரித்து 2012இல் வெளியான ‘ஸ்ட்ரா’ வகைப்பாடு சொல்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். அவர் பார்க்கச் சொன்னவை வேறு: ரத்தசோகை, தைராய்டு, ரத்த அழுத்தம், கர்ப்பப்பை ஸ்கேன். ஹீமோகுளோபின் குறைந்து 8.9 இருந்தது. முன்னால் பார்த்த இருவரும் அதைப் பார்க்கவே இல்லை.

இரும்புச்சத்து மாத்திரை, தொடையில் தடவ ஈஸ்ட்ரோஜன் ஜெல், கர்ப்பப்பை இருப்பதால் அதன் உட்சுவர் தடிக்காமலிருக்க ராத்திரியில் புரொஜெஸ்டிரான் மாத்திரை. ஐந்தாவது வாரம் விடிய விடியத் தூங்கினேன். கணவர்தான் காலையில் காபி போட்டுக்கொண்டு வந்து எழுப்பினார். “இன்னும் மாதவிலக்கு நிற்கவில்லை, கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இருக்கிறது, இந்த மருந்து அதைத் தடுக்காது” என்று அந்த அம்மா எச்சரித்ததையும் இங்கே எழுதுகிறேன். பலருக்கு இது தெரியாது.

என் அக்கா மட்டும் விடவில்லை. “ஹார்மோன் போட்டா கேன்சர் வரும்டி, பேப்பர்லயே போட்டிருந்தான்” என்றாள். உண்மைதான், 2002 ஜூலையில் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஹார்மோன் மாத்திரை ஆய்வைப் பாதியில் நிறுத்திய செய்தி. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது தலைப்பில் வரவில்லை. மாத்திரை எடுக்காத பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது என்ற கணக்கும் வரவில்லை. அபாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் இதை எடுக்கக்கூடாது என்று என்னையும் விசாரித்துத்தான் கொடுத்தார்கள். 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிற பெரும்பாலானவர்களுக்கு நன்மை அதிகம் என்று பின்னால் தெளிவானதே, அந்தச் செய்தியை எத்தனை பேர் அதே அளவு எழுத்தில் போட்டீர்கள்?

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு ஆற்றாமையோடு எழுதுகிறேன் என்றால், என் அம்மா. 1996இல் அவருக்கு 39 வயது. ரத்தப்போக்கு அதிகம் என்று போனவரிடம் “பிள்ளைதான் பெத்தாச்சே, இனி எதுக்கு அந்தப் பை?” என்று கேட்டுக் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். அந்த வயதில் சினைப்பையை எடுத்துவிட்டால், வேறு தடை இல்லாதபோது, இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுத்து எலும்பையும் இதயத்தையும் காக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. 40 வயதில் அம்மா ராத்திரியில் முற்றத்துச் சிமென்ட் தரையில் வெறும் உடம்போடு படுத்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ‘கிறுக்குப் பிடிச்சிருச்சு’ என்று அப்பத்தா ஊரெல்லாம் சொன்னார். 58 வயதில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை.

அது பழைய கதை என்று தள்ள முடியாது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை எடுத்தது 2019இல் நாடெங்கும் செய்தியானது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் ஊரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு இதில் எது தெரியும்? மலையில் ஒதுங்க இடமில்லாமல், அதிகமாகப் போகிற நாட்களில் கூலியை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. என் மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், மனதார நன்றி சொல்கிறேன். பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்ற என்னிடம் “உங்களுக்கு மாசாமாசம் எப்படிப் போகுது?” என்று ஒரு கேள்வி கேட்க அவர்களிடம் உள்ள படிவத்தில் இடமில்லை.

நான் உங்களிடம் கேட்பது சிறியது. அடுத்த ஞாயிறு அதே இடத்தில் அந்தச் சகோதரிக்கு நாலு வரியில் திருத்தம் போடுங்கள்: பரிசோதனை நார்மலாக இருந்தாலும் அவருக்கு வருவது நிஜம், தேதிகளைக் குறித்துக்கொண்டு, ரத்தசோகையையும் தைராய்டையும் பார்த்துவிட்டு, மகப்பேறு மருத்துவரிடம் வைத்தியத்தைப் பற்றிக் கேட்கட்டும். அந்தப் பதிலின் பக்கத்தில் பரிசோதனைக் கூட விளம்பரம் வேண்டாம்.

என் பெயரைப் போட வேண்டாம். சங்கத்தில் மேசைக்கு மேசை உங்கள் பத்திரிகைதான் கிடக்கிறது.

இப்படிக்கு,
வாசகி,
போடிநாயக்கனூர்.