மீட்கப்பட்ட குதிரைகள்: தத்தெடுப்புக் கூட்டம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். இறைச்சிக்காக விற்கப்படவிருந்த மூன்று குதிரைகளை நம் குழு ஏலத்தில் மீட்டுள்ளதால், அவற்றின் தத்தெடுப்பை முடிவுசெய்ய வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு இணையவழியில் கூடுகிறோம்.

1. குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடும் என்பதையும், 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்புல் தேவை என்பதையும், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்ய வேண்டும் என்பதையும் வீட்டாருடன் பேசி முடிவெடுத்த பின்னரே விருப்பம் தெரிவியுங்கள்.

2. குதிரைகளை நேரில் பார்க்க வருவோர் தானியம் கொண்டுவர வேண்டாம். பட்டினியால் மெலிந்த குதிரைக்குத் திடீரென நிறைய தீவனம் கொடுப்பது (இரக்கத்தால்தான் என்றாலும்) அதன் உயிருக்கே ஆபத்தாகும்.

3. நோய் பரவாமலிருக்கக் குதிரைகளைப் பிரித்து வைக்கும் தனிமைப்படுத்தல் முடியும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.

4. ‘தத்து’, ‘தற்காலிகப் பராமரிப்பு’, ‘இயலாது’ ஆகியவற்றுள் ஒன்றை வெள்ளிக்கிழமை இரவுக்குள் பதிலாக அனுப்புங்கள்.